உருவுதலும் தேய்த்தலும்: குழந்தைகளின் உடலுக்கு நன்மையும் தீமையும்

நம் நாட்டில் பிறக்கும் குழந்தை, தாயின் முகத்தைச் சரிவர அடையாளம் காணும் முன்னரே எண்ணெயையும் அதைத் தேய்க்கும் கையையும் அறிந்துவிடுகிறது. வடக்கிலும் கிழக்கிலும் பெரும்பாலும் கடுகெண்ணெய். கேரளத்திலும் மேற்குக் கரையிலும் தேங்காயெண்ணெய். தெற்கே பல இல்லங்களில் நல்லெண்ணெய். எண்ணெய் மாறுமேயன்றி வழக்கம் மாறுவதில்லை. பாட்டியோ, மருத்துவச்சியோ, கூலிக்கு அமர்த்திய பெண்ணோ கால்களை நீட்டி உட்கார்ந்து, அவற்றின்மீது சிசுவைக் கிடத்தி, கை கால்களை உருவி, மார்பையும் முதுகையும் தேய்த்து, வெந்நீர் வார்த்துத் தூங்க வைப்பது இன்றும் எண்ணற்ற குடும்பங்களில் நாள்தோறும் நடைபெறும் காரியம். பிள்ளை வளர்ந்து பள்ளிக்குச் செல்லும் பருவத்திலும் இக்கை ஓய்வதில்லை. ஓடி விழுந்தால் சுளுக்கு எடுப்பதற்கும், மூட்டுப் பிசகினால் பிடித்து விடுவதற்கும் அது மீண்டும் வருகிறது.

இவ்வழக்கம் முழுவதையும் மூடப் பழக்கம் என்று ஒதுக்கும் படித்தவர்கள் உள்ளனர். முன்னோர் செய்தவை யாவும் குறைவற்றவை என்று ஏற்போரும் உள்ளனர். கிராமங்களில் பணிபுரியும் ஊழியர்களும் ஆசிரியர்களும் இவ்விரு சாராருக்குமிடையே நின்று விடை கூற வேண்டிய நிலையில் இருக்கின்றனர். சென்ற நாற்பது ஆண்டுகளில் பல நாடுகளில் நடைபெற்ற ஆராய்ச்சிகள் இவ்விரு சாராருக்கும் முழு ஆதரவு அளிக்கவில்லை. ஒரே செயல் ஓரிடத்தில் சிசுவின் உயிரைக் காத்திருக்கிறது. மற்றோரிடத்தில் நோயைக் கொடுத்திருக்கிறது. எந்த எண்ணெய், எவ்வளவு அழுத்தம், எந்த உறுப்பு, எத்தகைய குழந்தை என்ற நான்கு கேள்விகளுக்கும் கிடைக்கும் விடையைப் பொறுத்தே பயன் வேறுபடுகிறது.

சொல்லில் உள்ள வேற்றுமை

இத்துறை பற்றிய ஆங்கில அறிக்கைகளைத் தமிழாக்குவோருக்கு முதலிலேயே ஓர் இடர்ப்பாடு எதிர்ப்படுகிறது. ஆங்கிலத்தில் ‘மஸாஜ்’ என்ற ஒரே சொல்லும், இந்தியில் பாரசீகத்திலிருந்து வந்த ‘மாலிஷ்’ என்ற ஒரே சொல்லும் வழங்குகின்றன. தமிழில் நீவுதல் வேறு, தேய்த்தல் வேறு, உருவுதல் வேறு, பிடித்தல் வேறு. மேலாக விரல்களை ஓட்டுவது நீவுதல். உள்ளங்கையால் எண்ணெய் சூடேறும்படி உராய்வது தேய்த்தல். அழுத்தம் கொடுத்து உறுப்பின் நீளவாக்கில் கையை இழுத்துச் செல்வது உருவுதல். தசையைப் பற்றி அமுக்குவது பிடித்தல். ஆங்கில அறிக்கையில் ‘மஸாஜ் பயன் தந்தது’ என்று ஒருவர் எழுத, ‘பயன் இல்லை’ என்று மற்றொருவர் எழுதும்போது, இருவரும் ஒரே செயலைத்தான் செய்தார்களா என்று பார்ப்பது அவசியமாகிறது. நம் பாட்டிமார்கள் இவ்வேற்றுமையைச் சொல்லிலேயே காத்து வந்திருப்பது, ஆராய்ச்சியாளர் பின்னர் மிகுந்த உழைப்பின்மேல் கண்டறிந்த ஓர் உண்மைக்கு அருகில் நிற்கிறது என்பதை அடுத்து வரும் செய்தியால் அறியலாம்.

எலியின் நாவும் மயாமி ஆஸ்பத்திரியும்

அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஷான்பர்க் என்ற அறிஞரும் அவருடைய குழுவினரும் 1970-களில் எலிக் குஞ்சுகளைத் தாயிடமிருந்து பிரித்து வைத்து ஆராய்ந்தனர். பிரிக்கப்பட்ட குஞ்சுகளின் உடலில் வளர்ச்சிக்கு வேண்டிய இரசாயனச் செயல்கள் விரைவில் தளர்ந்தன. உணவும் வெப்பமும் கொடுத்தும் அவை சீர்படவில்லை. ஈரமான தூரிகையைக் கொண்டு, தாய் எலி நாவால் நக்கும் அழுத்தத்தில் குஞ்சுகளின் மேனியைத் தடவிய பின்னரே அவை பழைய நிலைக்குத் திரும்பின. தொடு உணர்ச்சி வளர்ச்சியைத் தூண்டும் கருவிகளுள் ஒன்று என்ற கருத்துக்கு இது வலுவளித்தது.

இதனைத் தொடர்ந்து மயாமி நகரில் டிஃபனி ஃபீல்ட் என்ற அம்மையாரின் தலைமையில், குறைமாதத்தில் பிறந்த 40 சிசுக்களைக் கொண்டு ஒரு பரிசோதனை நடைபெற்று, அதன் முடிவு 1986-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. ஒரு பகுதிக் குழந்தைகளுக்கு நாளொன்றுக்கு மூன்று முறை, முறைக்கு 15 நிமிடமாகப் பத்து நாட்கள் உடலை உருவி, கை கால்களை மடக்கி நீட்டினர். மற்றப் பகுதிக்கு வழக்கமான பராமரிப்பு மட்டுமே அளிக்கப்பட்டது. உருவப்பட்ட குழந்தைகள் நாள்தோறும் 47 சதவிகிதம் கூடுதலாக எடை ஏறின. ஆறு நாட்கள் முன்னதாக வீடு திரும்பின. அவை கூடுதலாகப் பால் அருந்தவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

பின்னர் அதே குழுவினர் அழுத்தத்தின் அளவை மாற்றிப் பார்த்தனர். மேலாக நீவப்பட்ட குழந்தைகளுக்குப் பயன் மிகக் குறைவாகவே இருந்தது. கிச்சுக்கிச்சு மூட்டியதுபோல் அவை நெளிந்தன. மிதமான அழுத்தத்துடன் உருவப்பட்டவற்றிலோ, மூளையிலிருந்து இரைப்பைக்குச் செல்லும் வேகஸ் நரம்பின் இயக்கம் மிகுந்து, இரைப்பையின் அசைவும் கூடியது. உண்ட பால் உடலில் ஒட்டுவதற்கு இது ஒரு காரணமாகலாம் என்று அவர்கள் கருதினர். நீவுதலும் உருவுதலும் ஒன்றல்ல என்பதற்குப் பரிசோதனைச் சாலையின் சான்று இது.

இம்முடிவுகளைக் கண்டு அளவுக்கு மீறி மகிழ்வதற்கில்லை. இத்தகைய பரிசோதனைகள் பலவற்றைத் திரட்டி 2004-இல் மதிப்பிட்ட அறிஞர்கள், குறைமாதச் சிசுக்களுக்குச் சராசரியாக நாளொன்றுக்கு 5 கிராம் அளவில் எடை கூடியதையும், ஆஸ்பத்திரியில் தங்கும் காலம் நான்கரை நாட்கள் குறைந்ததையும் ஒப்புக்கொண்டனர். ஆயினும், வீட்டுக்கு அனுப்பும் நாளைத் தீர்மானித்த டாக்டர்களுக்கு எந்தக் குழந்தை உருவப்பட்டது என்பது தெரிந்திருக்கக் கூடுமாதலால், அம்முடிவு முழு நம்பிக்கைக்குரியதன்று என்றும் எழுதினர். நிறைமாதத்தில் பிறந்து நலமாக உள்ள குழந்தைகளைப் பற்றிய 34 ஆய்வுகளை 2013-இல் மதிப்பிட்ட மற்றொரு குழுவினர், அவற்றுள் பல குறைபாடுடையவை என்று கண்டு, எல்லாக் குழந்தைகளுக்கும் இதனைக் கட்டாயமாகப் பரிந்துரைக்கப் போதிய சான்று இல்லை என்று முடிவு கூறினர்.

டில்லியும் மும்பையும்

நம் நாட்டிலும் இத்துறையில் பணி நடந்திருக்கிறது. டில்லியில், ஏறக்குறைய ஆறு வாரம் நிரம்பிய 125 குழந்தைகளை ஐந்து பிரிவாக்கி நடத்திய ஆராய்ச்சி 2000-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. நான்கு பிரிவினருக்கு முறையே மூலிகை எண்ணெய், நல்லெண்ணெய், கடுகெண்ணெய், கனிம எண்ணெய் ஆகியவற்றை நான்கு வாரம் நாள்தோறும் தேய்த்தனர். ஐந்தாம் பிரிவினருக்குத் தேய்க்கவில்லை. தேய்க்கப்பட்ட குழந்தைகள் தேறின. நீளத்திலும் கை கால்களின் சுற்றளவிலும் நல்லெண்ணெய்ப் பிரிவே முந்தி நின்றது. தொடை நாளத்தில் இரத்த ஓட்டம் மிகுந்ததும், தேய்த்த பின் உறக்கம் நீண்டதும் அளவிட்டு அறியப்பட்டன. எண்ணெய் தேய்த்தால் பிள்ளை நன்றாகத் தூங்கும் என்று பெண்கள் கூறிவருவது வெறும் பேச்சன்று என்பது இதனால் விளங்கும். எனினும் பிரிவொன்றுக்குச் சுமார் 25 குழந்தைகளே இருந்தமையால், இவ்வெண்ணெய்தான் சிறந்தது என்று பறை சாற்றுவதற்கு இது போதாது. 2005-இல் வெளிவந்த மும்பை ஆராய்ச்சியில் தேங்காயெண்ணெய் தேய்க்கப்பட்ட சிசுக்கள், கனிம எண்ணெய் தேய்க்கப்பட்டவற்றைவிட விரைவாக எடை ஏறின.

தோலுக்கு எண்ணெய் செய்யும் வேலை

இதுவரை கையின் வேலையைக் கண்டோம். எண்ணெய்க்குத் தனியே ஒரு வேலை உண்டு. நம் தோலின் மேலடுக்கு செங்கல்லும் சாந்தும் சேர்ந்த சுவர் போன்றது. செத்த உயிரணுக்கள் செங்கல். அவற்றிடையே உள்ள கொழுப்புப் பொருள்கள் சாந்து. குறைமாதச் சிசுவுக்கு இச்சுவர் சரிவர எழும்பியிராது. உடலிலுள்ள நீர் வெளியே கசியும், வெப்பம் போய்விடும், வெளியே உள்ள கிருமி உள்ளே புகும். தகுந்த எண்ணெயைப் பூசினால் அது கசிவை அடைப்பதோடு, அதிலுள்ள லினோலெயிக் அமிலம் சாந்து தயாரிக்கவும் பயன்படுகிறது. சூரியகாந்தி எண்ணெயில் இவ்வமிலம் மிகுதி.

2002-ஆம் ஆண்டில் டார்ம்ஸ்டட் என்ற டாக்டரும் குழுவினரும், தோற்சுவர் சிதைக்கப்பட்ட எலிகளின்மீது பல எண்ணெய்களைப் பூசிப் பார்த்தனர். சூரியகாந்தி எண்ணெய் பூசிய இடம் ஒரு மணி நேரத்துக்குள் தேறத் தொடங்கிற்று. கடுகெண்ணெய் பூசிய இடமோ, ஒன்றும் பூசாத இடத்தைவிடத் தாமதமாக ஆறியது. நுண்ணோக்கியில் தோலின் உயிரணுக்களில் சேதமும் தென்பட்டது. வட இந்தியாவிலும் நேபாளத்திலும் வங்காளத்திலும் சிசுக்களுக்கு மிகுதியாகத் தேய்க்கப்படும் எண்ணெய் அதுவே என்பதை நோக்க, இம்முடிவு அற்பமானதன்று.

இதன் பயனை மனிதக் குழந்தைகளிடம் காணும் முயற்சி டாக்கா நகரில் நடைபெற்றது. 1998 முதல் 2003 வரை, 33 வாரத்துக்கு முன் பிறந்த 497 சிசுக்களைச் சேர்த்து, சிலருக்குச் சூரியகாந்தி எண்ணெயும், சிலருக்குப் பெட்ரோலியக் களிம்பும் நாள்தோறும் மென்மையாகப் பூசினர், மற்றவர்க்குப் பூசவில்லை. எண்ணெய் பூசப்பட்ட சிசுக்களிடம் ஆஸ்பத்திரியில் தொற்றும் இரத்தக் கிருமி நோய் 41 சதவிகிதம் குறைந்தது. இறப்பு 26 சதவிகிதம் குறைந்தது. மலிவான சமையல் எண்ணெய் ஒன்று இத்துணைப் பயன் தரும் என்பதை அந்நாளில் எதிர்பார்த்தவர் சிலரே. பின்னர் உத்தரப் பிரதேசக் கிராமங்களில் 26,000-க்கு மேற்பட்ட சிசுக்களைக் கொண்டு நடத்தப்பட்டு 2022-இல் வெளியான பெரும் பரிசோதனையில், கடுகெண்ணெய்ப் பழக்கம் நீடித்த ஊர்களைவிட, சூரியகாந்தி எண்ணெய் மென்மையாகத் தேய்க்கப்பட்ட ஊர்களில் எடை ஏறும் வேகம் மிகுந்திருந்தது.

இந்நற்செய்தியுடன் இதற்கு மாறான இரண்டு செய்திகளையும் சேர்த்துப் படிக்க வேண்டும். ஆயிரம் கிராமுக்கு மிகாத எடையுடன் பிறந்த சிசுக்களுக்குப் பெட்ரோலியக் களிம்பைத் தவறாது பூசி ஆராய்ந்து 2004-இல் வெளியிட்ட அறிக்கையில், அவற்றுள் மிகச் சிறியவற்றிடையே இரத்தக் கிருமி நோய் கூடியதாகக் காணப்பட்டது. இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரில், நிறைமாதத்தில் பிறந்த 115 சிசுக்களைக் கொண்டு நடத்திய 2016-ஆம் ஆண்டு ஆராய்ச்சியில், ஆலிவ் எண்ணெயும் சூரியகாந்தி எண்ணெயும் தோலின் கொழுப்பு அடுக்கு ஒழுங்காக அமைவதற்குத் தடையாக இருந்தன. வெதுவெதுப்பான கண்ணாடிப் பெட்டியில் நீர் கசியாமல் காக்கப்படும் சிசுவும், நிறைமாதச் சிசுவும், டாக்காவில் சத்துக்குறைவுள்ள தாய்க்குக் குறைமாதத்தில் பிறந்த சிசுவும் தம்முள் ஒத்தவையல்ல. ஓரூர் முடிவை மற்றோர் ஊருக்கு அப்படியே எடுத்துச் செல்வதால் நேரும் பிழைக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் காண்பது அரிது.

எண்ணெய் செல்லக் கூடாத வழி

எண்ணெய் தோலின்மேல் நிற்கும்வரை நேரும் தீங்கு பெரும்பாலும் சிறியதே. குளிப்பாட்டும்போது மூக்கிலும் காதிலும் சில துளிகள் விடுவதும், வயிற்றைச் சுத்தம் செய்வதாக எண்ணி அழுகின்ற குழந்தையின் வாயைத் திறந்து எண்ணெய் ஊற்றுவதும் பெரிய தீங்கை விளைவிக்கும். தண்ணீர் தவறி மூச்சுக்குழாயில் சென்றால் இருமல் பீறிட்டு அதனை வெளியே தள்ளும். எண்ணெயோ வழவழப்பானது; இருமலைத் தூண்டாமலே நழுவி நுரையீரலின் அடிப்பகுதியை அடைந்துவிடுகிறது. அங்குள்ள துப்புரவு உயிரணுக்கள் அதனை விழுங்கினாலும் செரிக்க வகையறியாமல் தேங்குகின்றன. நுரையீரல் கெட்டிப்படுகிறது. குழந்தைக்கு மூச்சு இளைப்பும் காய்ச்சலும் விட்டு விட்டு வரும். எக்ஸ்ரே படத்தில் காணும் நிழலைச் சாதாரண நிமோனியா என்றோ காசநோய் என்றோ கருதி வைத்தியம் செய்தும் தீராது. தென்னிந்தியக் குழந்தைகளிடையே காணும் இந்நோயைப் பற்றி 1973-ஆம் ஆண்டிலேயே பிரிட்டிஷ் மருத்துவ சஞ்சிகையில் ஒரு கட்டுரை வெளியாயிற்று. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் அச்சேறிய எச்சரிக்கை பல அடுக்களைகளுக்கு இன்னும் எட்டவில்லை.

மூச்சு இரைத்துக் காய்ச்சலுடன் வரும் கைக்குழந்தையைக் காணும் ஊழியர், ‘மூக்கிலோ வாயிலோ எண்ணெய் விட்டீர்களா?’ என்று ஒரு கேள்வி கேட்டு, விடையை ஆஸ்பத்திரிச் சீட்டில் குறித்தனுப்பினால், டாக்டருக்குப் பல நாள் தேடல் மிச்சமாகும். குற்றஞ்சாட்டும் குரலில் கேட்டால் எந்தத் தாயும் உண்மை கூறமாட்டாள் என்பதையும் நினைவிற்கொள்ளுதல் நலம்.

பிரமதண்டு

விவசாய விரிவாக்க ஊழியர்கள் நன்கு அறிந்த களை ஒன்றுக்கு இங்கே இடமிருக்கிறது. மெக்ஸிகோ நாட்டிலிருந்து வந்து இந்தியா முழுவதும் பரவிய பிரமதண்டு, மஞ்சள் நிறப் பூவும், முள் நிறைந்த இலையும், ஒடித்தால் மஞ்சள் பாலும் உடையது. இதன் கரிய விதை கடுகைப் போன்றே தோன்றும். கடுகு வயலில் இது வளர்ந்து ஒரே காலத்தில் முற்றுவதால் தவறுதலாகவும், சில சமயம் வியாபாரிகளின் பேராசையாலும் கடுகோடு கலந்து செக்கேறுகிறது. அதிலுள்ள சாங்குவினாரின் என்னும் நச்சுப்பொருள் மிக நுண்ணிய இரத்தக் குழாய்களை விரித்து நீர் கசியச் செய்கிறது. கால்கள் வீங்கும், மூச்சுத் திணறும், இருதயம் தளரும், சிலருக்குக் கண்ணில் அழுத்தம் ஏறிப் பார்வையும் குன்றும். 1877-இல் கல்கத்தாவில் முதன்முதலாகக் குறிக்கப்பட்ட இவ்வீக்க நோய்க்குப் பிரமதண்டு விதையே காரணமென்று 1926-இல் சர்க்கார் என்ற வங்காள டாக்டர் சுட்டிக்காட்டினார். 1998-ஆம் ஆண்டில் டில்லியில் இந்நோய் பரவி அறுபது பேருக்கு மேல் உயிரிழந்தனர். உண்ணும் எண்ணெய்களைப் பொட்டலமிட்டே விற்க வேண்டும் என்ற மத்திய அரசின் ஆணை அதே ஆண்டில் பிறந்தது.

இந்நோய் உணவின் வழியாகவே வரும் என்பது பொதுவான எண்ணம். கலப்படக் கடுகெண்ணெயை உடம்பில் தேய்த்துக்கொண்டதால் தோலின் வழியாக நஞ்சு ஏறி, நோய் கண்டவர்களைப் பற்றி 1985-ஆம் ஆண்டில் ஓர் அறிக்கை வெளிவந்தது. சமையலுக்கு நல்ல எண்ணெயையும், உடம்புக்குத் தேய்க்க மலிவான எண்ணெயையும் வாங்கும் குடும்பங்கள் பல உண்டு. ‘தேய்க்கத்தானே’ என்று கூறுவர். சிசுவின் தோல் பெரியவர்களின் தோலைவிட மெல்லியது. உடலின் எடைக்கு அதன் தோற்பரப்பும் அதிகம். ஆகவே உண்ணத் தகாத எண்ணெய் குழந்தைக்குத் தேய்க்கவும் தகாது.

கையின் வலிமை

பிறந்த சிசுவின் மேனியில் வெண்ணெய் போன்ற வெள்ளைப் பூச்சு ஒன்று படிந்திருக்கும். அதனை அழுக்கென்று எண்ணி உடனே தேய்த்தெடுக்கும் வழக்கம் தவறானது. அது கிருமியையும் குளிரையும் தடுக்க இயற்கை அளித்த காப்பு. முதல் 24 மணி நேரத்துக்குக் குளிப்பாட்டாமல் இருப்பதே முறை. வட மாநிலங்களில் குழந்தையின் மேனியிலுள்ள மென்மயிரைப் போக்க, பிசைந்த மாவை உருட்டித் தேய்ப்பதுண்டு. அம்மயிர் நாளடைவில் தானே உதிரும். மாவு உருண்டையோ தோலைக் கீறிக் கிருமிக்கு வாயிலைத் திறந்துவிடும்.

தாயின் ஊறுநீர்கள் சிசுவின் உடலில் எஞ்சியிருப்பதால், பிறந்த ஆண் பெண் குழந்தைகள் இரண்டுக்கும் மார்பு சற்றுப் புடைத்து, துளிப் பால் கசிவதுண்டு. சில வாரங்களில் அது தானே வடியும். அதனைப் பிதுக்கி எடுக்கும் வழக்கத்தால் சீழ்க் கட்டி உண்டாகி, அறுத்து ஆற்ற வேண்டிய நிலைமை நேர்கிறது. பெண் சிசுவாயின் அந்தச் சேதம் அவள் வளர்ந்தபின் மார்பின் வளர்ச்சியையும் பாதிக்கக் கூடும். மூக்கு நீளவும் தலை உருண்டையாகவும் வேண்டி அமுக்குதல், காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிடுதல், வயிற்றை அழுத்திப் பிசைதல் ஆகியவற்றாலும் நன்மை எதுவுமில்லை. உருவி உருவியே கால் வளைவை நிமிர்த்தியதாகப் பெருமை கொள்ளும் பெண்கள் பலர். நடை பழகும் குழந்தைகளின் கால் வளைவு பெரும்பாலும் இரண்டு வயதளவில் தானே நிமிர்வது. அதற்குரிய புகழ் எண்ணெய்க் கிண்ணத்துக்குப் போய்ச் சேர்கிறது.

குளிர் காலத்தில் திறந்த முற்றத்தில் ஆடையின்றி அரை மணி நேரம் தேய்ப்பது, எடை குறைந்த சிசுவுக்கு எண்ணெயால் வரும் பயனைவிடப் பெரிய தீங்கைச் செய்துவிடும். அத்தகைய சிசுவுக்குத் தாயின் மார்போடு தோலும் தோலும் படும்படி அணைத்து வைக்கும் முறையே முதன்மையானது; எண்ணெய் அதற்கு அடுத்தபடிதான்.

வீடு தேடிச் செல்லும் ஊழியர்கள்

உலகச் சுகாதார ஸ்தாபனம் 2022-ஆம் ஆண்டில் வெளியிட்ட பரிந்துரைகள் இச்செய்திகளின் சாரத்தை ஒட்டியே அமைந்துள்ளன. நிறைமாதத்தில் பிறந்த நலமான சிசுவுக்கு மென்மையாக உடல் முழுவதும் உருவுவது வளர்ச்சிக்கு உதவக்கூடுமாதலால் அதனைக் கருதலாம் என்றும், ஆயினும் தோல் நோயைத் தடுப்பதற்கென எண்ணெயையோ களிம்பையோ வழக்கமாகப் பூச வேண்டியதில்லை என்றும் அது கூறுகிறது. குறைமாதத்தில் பிறந்த சிசுவுக்கும் எடை குறைந்த சிசுவுக்கும் எண்ணெய் பூசுவதைக் கருதலாம் என்பது அதன் மற்றொரு பரிந்துரை. ‘கருதலாம்’ என்ற சொல் இங்கே எண்ணிப் பார்த்து இடப்பட்டது. ‘செய்க’ என்று அது ஆணையிடவில்லை.

2011-இல் தொடங்கப்பட்ட திட்டத்தின்படி, ஆஸ்பத்திரியில் பிறந்த சிசுவை ஆஷா ஊழியர் 3, 7, 14, 21, 28, 42-ஆம் நாட்களில் வீடு சென்று காண்கிறார். இவ்வாறு முறைகளில் ஏதேனும் ஒன்றில் உருவும் வேளையிலேயே போய்ச் சேர்வது நன்று. கேட்டு அறிவதைவிடக் கண்டு அறிவது தெளிவு. உருவுபவர் பெரும்பாலும் வீட்டின் மூத்த பெண்மணியாக இருப்பார். மருமகளை அழைத்து அறிவுரை கூறிவிட்டு வந்தால் அது அந்த அறையைத் தாண்டாது. ‘பாட்டி, உங்கள் கை பட்டால் பிள்ளை எவ்வளவு நன்றாகத் தூங்குகிறது! மூக்கில் விடும் அந்த இரண்டு சொட்டை மட்டும் நிறுத்திவிடுங்கள்’ என்று அவரிடமே கூறும் ஊழியரின் சொல் நிற்கும். நல்ல பகுதியை ஒப்புக்கொண்ட பின்னரே தீய பகுதியை விலக்கச் சொல்ல இடம் கிடைக்கிறது. கடுகெண்ணெய் வழங்கும் பகுதிகளில் எடை குறைந்த சிசுவுக்கேனும் அதனை மாற்றச் சொல்லலாம்.

பள்ளிப் பிள்ளையின் முழங்கை

ஆசிரியர்களுக்கு உரிய செய்தி வேறு. மரத்திலிருந்தோ ஊஞ்சலிலிருந்தோ விழும் பிள்ளை கையை ஊன்றி விழுகிறது. முழங்கைக்குச் சற்று மேலே எலும்பு முறிவது ஐந்து முதல் ஏழு வயதுப் பிள்ளைகளிடம் மிகுதி. வீக்கம் கண்டவுடன் ‘சுளுக்குத்தான்’ என்று கூறி எண்ணெயிட்டு உருவி, மடங்காத கையை வலிய மடக்கி நீட்டும் பழக்கம் நாடெங்கும் உள்ளது. இடுப்பு வலியும் கழுத்துப் பிடிப்பும் உள்ள பெரியவர்களுக்கு ஓரளவு இதம் தரும் இதே கை, இங்கே பெருங்கேடு செய்கிறது.

முழங்கையின் முன்புறமுள்ள தசை அடிபட்ட வேளையில் நசுங்கி, அதில் இரத்தம் கட்டியிருக்கும். ஓய்வு கொடுத்தால் அவ்விரத்தம் வற்றிவிடும். உருவியும் முறுக்கியும் தசையை மேலும் மேலும் புண்படுத்தினால், ஆறும் முயற்சியில் உடல் வழி தவறி, தசைக்குள்ளேயே எலும்பைப் படைக்கத் தொடங்குகிறது. மூன்று நான்கு வாரங்களில் எக்ஸ்ரே படத்தில் அது மேகம்போல் தென்படும். பின்னர் உண்மையான எலும்பாகவே முற்றும். கை மடங்கவும் மாட்டாது, நீளவும் மாட்டாது. கை இறுகுவதைக் கண்ட பெற்றோர் இன்னும் வலுவாக உருவச் சொல்வர். அதனால் எலும்பு இன்னும் வளரும். நம் நாட்டு எலும்பு வைத்திய நிபுணர்கள் இக்கேட்டுக்கு முதற் காரணமாக உருவுதலையே மாணவர்களுக்குக் கற்பிக்கின்றனர். சில பிள்ளைகளுக்கு, தொடாமல் விட்டால் அது காலப்போக்கில் கரைவதுண்டு. மற்றவர்களுக்கு எலும்பு முற்றி அடங்கும்வரை பல மாதம் காத்திருந்தே அறுவைச் சிகிச்சை செய்ய இயலும்.

பள்ளியில் இவ்வாறு பிள்ளை விழுந்தால், கை எந்த நிலையில் உள்ளதோ அந்நிலையிலேயே மடித்த செய்தித்தாளையோ அளவுகோலையோ தளர்வாக வைத்துக் கட்டி, துண்டில் தொங்கவிட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். எண்ணெய் தேவையில்லை, கையை இழுத்துப் பார்க்கவும் வேண்டாம். மூங்கில் பத்தை வைத்து இறுகக் கட்டிய கையோடு மறுநாள் பிள்ளை வகுப்புக்கு வந்தால், விரல்களைப் பார்க்க வேண்டும். இறுகிய கட்டினால் இரத்த ஓட்டம் தடைப்பட்டுக் கை சூம்பிப்போவதை ஃபோல்க்மன் என்ற ஜெர்மானிய டாக்டர் 1881-இலேயே விவரித்துள்ளார். விரல்கள் வெளுத்தோ நீலம் பாய்ந்தோ குளிர்ந்தோ இருந்தாலும், மரத்துப் போயிருந்தாலும், விரலை மெல்ல நிமிர்த்தும்போது பிள்ளை அலறினாலும் கட்டை அப்பொழுதே தளர்த்திவிட்டு, சில மணி நேரத்துக்குள் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும்.